புதன்கிழமைக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று

ஜூன் 11

என் அன்பு மகளுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. ஆண்டவருடைய தயவால் இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்ற உறுப்புகள் எல்லாம் விசுவாசமாக இருக்கின்றன. நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? மூன்று நாள் பயணத்தில் முதுகு என்ன ஆயிற்று? கட்டிக்கொடுத்ததைச் சாப்பிட்டாயா, வழக்கம்போல எதிர் இருக்கைக்காரருக்குத் தானம் செய்துவிட்டாயா?

ரயில் கிளம்பும்போது நான் அழவில்லையே என்று உனக்குக் குறையாக இருந்திருக்கும். பக்கத்துப் பெட்டியில் மகனை அனுப்ப வந்தவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் தூண் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். காரணம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்கே ஒரு பலம். உனக்கு முன்னால் இரண்டு பேர் பிறந்தார்கள். ஒருத்தன் ஒன்பது நாள் இருந்தான், ஒருத்தி நான்கு மாதம் இருந்தாள். நீ வயிற்றில் இருந்தபோது ஆலயத்தின் கடைசி பெஞ்சில் முழங்கால் போட்டு, "இதை மட்டும் எனக்குத் தாரும், வளர்த்து உம்முடைய வேலைக்கே தந்துவிடுகிறேன்" என்று பொருத்தனை பண்ணினேன். உன் அப்பா அப்போது உயிரோடு இருந்தார். "கடவுள்கிட்டயே பேரம் பேசறியா?" என்று சிரித்தார்.

ஆண்டவர் தந்தார். நானும் தந்துவிட்டேன். தந்த பிறகு, கொஞ்சம் கொடும், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்கக் கூடாது. அதனால் எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவே மாட்டேன். கேட்டால் என் வாயிலேயே ஒன்று போடு.

தையல் கூடத்தில் இந்த வாரம் பள்ளிச் சீருடை. முன்னூறு சட்டைக்குக் காஜா போட்டோம். "உங்க மக நர்ஸ் வேலைக்குப் போயிட்டாளாமே" என்று மேஸ்திரி கேட்டார். "ஆமா, ஆண்டவருக்குக் குடுத்துட்டேன்" என்றேன். "அவரு லீவு குடுப்பாரா?" என்றார். சிரித்துவிட்டேன். காஜா ஒன்று கோணிப்போயிற்று.

ஜெபத்தில் உன்னை விடாமல் பிடித்திருக்கும்,
அம்மா


ஜூன் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் வாயாடி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் நலம், முதுகும் நலம். சாப்பாட்டில் பாதியை எதிர் இருக்கைக்காரர் சாப்பிட்டார் என்பதும் உண்மை. உங்கள் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

என்னைக் குழந்தைகள் வார்டில் போட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு கட்டில். சுவரில் தோள் உயரத்துக்குப் பச்சை பெயின்ட், அதற்கு மேலே வெள்ளை. வார்டுக்குத் தலைமை பெரிய சிஸ்டர். ரப்பர் செருப்பில் சத்தமே இல்லாமல் வந்து பின்னால் நிற்பார். நாம் ஏதாவது தப்பு செய்துகொண்டிருப்போம். திட்ட மாட்டார். நின்று பார்ப்பார், அவ்வளவுதான். அதற்குத் திட்டே தேவலை. அறையில் என்னோடு இன்னொரு நர்ஸ். நல்லவள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கண்ணாடி, அதிலும் பாதி ரசம் போனது. ஆளுக்கு ஒரு கண்ணாகப் பார்த்துக்கொள்கிறோம்.

இங்கே பிள்ளையோடு தாய் தங்க இடமில்லை. வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும், ஞாயிறு பிற்பகல் வந்து பார்க்கலாம். சேர்க்கை நோட்டில் கையெழுத்து வாங்குவது என் வேலை. ஒவ்வொரு தாயும் பேனாவைக் கீழே வைக்கும்போது ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறாள்: "பாத்துக்குங்க சிஸ்டர்." எனக்கு இருபத்திரண்டு வயது அம்மா. போன மாதம் வரை என்னையே நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால் வேறு யாரோ பெரியவள் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

வீட்டு ஞாபகம் வருகிறது. காலையில் நீங்கள் எழுந்திருக்கும்போது முழங்கால் 'டக்' என்று சொல்லுமே, அதைக் கேட்காமல் விடிந்ததாகவே இல்லை. நீங்கள் கேட்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்: ஒரு வருடம் முடிந்தால் பதினைந்து நாள் விடுமுறை உண்டு.

முத்தங்களுடன்,
உங்கள் வாயாடி


ஜூலை 19

என் அன்பு மகளுக்கு,

அம்மாவின் வாழ்த்து. நான் சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். கண்ணாடியில் ஒரு கண் பார்த்தால் போதும், சோறு மட்டும் இரண்டு கையாலும் சாப்பிடு.

பழைய காலத்தில் ஒரு ராஜா தனக்கு வந்த கடிதத்தை ஆலயத்தில் கொண்டுபோய் ஆண்டவர் முன் விரித்து வைத்தான் என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதுபோல உன் கடிதத்தை நம் புதன்கிழமை மாதர் கூட்டத்தில் விரித்துவிட்டேன். போதகர் அம்மா சத்தமாக வாசித்தார்கள். 'பாத்துக்குங்க சிஸ்டர்' என்ற இடத்தில் பால்காரரின் மனைவி தேம்பித் தேம்பி அழுதாள். என் முழங்கால் 'டக்' என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நல்லவேளை, நான் உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் மாதாமாதம் உன் கடிதம்தான் எங்களுக்குச் சாட்சி என்று தீர்மானம் ஆகிவிட்டது. இருபது வருடமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு இப்போது முதல் வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். பெருமை பாவம்தான், ஆனால் நாற்காலி முழங்காலுக்கு நல்லது.

ஒன்று மட்டும். வீட்டு ஞாபகம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் போதகர் அம்மா குரலைத் தாழ்த்தி வாசித்தார்கள். அடுத்த தடவை ஆண்டவர் செய்கிற நன்மைகளை நிறைய எழுது. கேட்கிறவர்களுக்கு உற்சாகமாக இருக்கும்.

அன்போடும் ஜெபத்தோடும்,
அம்மா


ஆகஸ்ட் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். ஆண்டவருடைய பெரிதான கிருபையால் நலமாக இருக்கிறேன். உங்கள் நலத்துக்கும் கூட்டத்திலுள்ள எல்லோருடைய நலத்துக்கும் ஜெபிக்கிறேன்.

இந்த மாதம் எங்கள் வார்டிலிருந்து பதினான்கு பிள்ளைகள் சுகமாகி வீடு போனார்கள். அதில் ஒரு பெண் குழந்தை வரும்போது தலை நிற்கவில்லை, போகும்போது என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். வேலை சந்தோஷமாக இருக்கிறது. பெரிய சிஸ்டர் ஒரு தடவை தலையை அசைத்தார். இங்கே அதற்குப் பாராட்டு என்று பெயர்.

போதகர் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மகள்


செப்டம்பர் 25

அம்மா, இதை நீங்கள் மட்டும் படியுங்கள். உறைக்குள் இரண்டு கடிதம் வைத்திருக்கிறேன். நீல மையில் எழுதியது புதன்கிழமைக்கு. கறுப்பு மையில் இருக்கும் இது உங்களுக்கு.

நலம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை.

எங்கள் வார்டில் நான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். யாரைப் பார்த்தாலும் 'மாமா' என்பான். என்னையும் மாமா, பெரிய சிஸ்டரையும் மாமா. அதற்கு அவர்கூடச் சிரித்தார். அவனுடைய அம்மா செங்கல் சூளையில் வேலை. சேர்த்த அன்று, "கடவுளையும் உங்களையும் நம்பி விட்டுட்டுப் போறேன் சிஸ்டர், வீட்ல இன்னும் மூணு இருக்கு" என்றாள். காய்ச்சல் புதன்கிழமை இறங்கியது. வெள்ளிக்கிழமை கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அன்றைக்கே அந்தப் பக்கம் போன ஆஸ்பத்திரி வேன் டிரைவரிடம் அவளுக்குச் சொல்லி அனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகலாம் என்று.

சனிக்கிழமை பகல் நான் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் அவன் போய்விட்டான். யார் தப்பும் இல்லை, இதயம் முன்னாலேயே பழுதாகியிருந்தது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு வேன் அந்தப் பக்கம் போகவில்லை, அவளுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டையும் செருப்பும் எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். வாசலில் நின்று நான்தான் சொன்னேன்.

அவள் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. செருப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "வெள்ளிக்கெழமையே வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா சிஸ்டர்?" நான் அவள் கையிலிருந்த சட்டையை வாங்கி மடித்தேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், கொடுத்திருப்போம் அம்மா. ஒரு நாளாவது அவள் மடியில் இருந்திருப்பான்.

அதற்குப் பிறகு ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. சும்மா தரையைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறேன். ஊசி போடும் முன் மருந்தின் பெயரை நான்கு தடவை படிக்கிறேன், அப்படியும் நம்பிக்கை வரவில்லை. நேற்று ஒரு தாய் 'பாத்துக்குங்க' என்றபோது, வேண்டாம், கூட்டிக்கொண்டு போய்விடு என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். இப்படிப்பட்டவள் இந்த வார்டில் இருக்கக் கூடாது.

அம்மா, நான் வீட்டுக்கு வரட்டுமா? பொருத்தனை உங்களுடையது. அதை நானாக உடைத்துக்கொண்டு வந்து உங்கள் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் சொன்னால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன். வா என்று எழுதுங்கள். ஒரே எழுத்து. வேறு எதுவும் எழுத வேண்டாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பீர்களே, இதோ அழுகிறேன்.

உங்கள் வாயாடி


நவம்பர் 21

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். நீ சுகமா? பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. தையல் கூடத்தில் வேலை அதிகம். கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூல் கட்டிப் போட்டிருக்கிறேன். மழையும் விடவில்லை.

இதெல்லாம் காரணம் இல்லை. உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதங்களை நான் வீட்டில் பிரிப்பதே இல்லை. வந்ததும் உறையோடு கொண்டுபோய்ப் போதகர் அம்மா கையில் கொடுத்துவிடுவேன். முதலில் ஆண்டவர் சந்நிதியில் பிரிய வேண்டும், பிறகுதான் என் கண் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அது விசுவாசம் என்று நினைத்தேன்.

கறுப்பு மைத் தாள் மேலே இருந்தது. 'அம்மா, இதை நீங்கள் மட்டும் படியுங்கள்' என்று போதகர் அம்மா வாசித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கண்ணாடியைக் கழற்றி, "என்னம்மா, வாசிக்கட்டுமா வேண்டாமா?" என்று கேட்டார்கள். உண்மையாகவே கேட்டார்கள், அவர்கள் மேல் பழி இல்லை. நான்தான் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "வாசிங்கம்மா, எம்மக எழுதறதுல மறைக்க என்ன இருக்கு?" என்றேன். பையன் கதை வந்தபோதே அவர்கள் குரல் மாறியது. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழுவதும் வாசித்தாயிற்று.

எல்லோரும் சுற்றி நின்று உனக்காக ஜெபித்தார்கள். இது சோதனைக் காலம், சகித்துக்கொண்டால் பலன் உண்டு என்று போதகர் அம்மா சொல்கிறார்கள். "இப்ப நீங்க கூப்பிட்டா, குடுத்ததை நீங்களே பறிக்கிற மாதிரி ஆயிடும்" என்றார்கள். ஆறு புதன்கிழமை இதையே கேட்டேன். அவர்கள் சொல்வதும் சரிதானே. அதனால் மகளே, உறுதியாக நில். தந்தவர் தாங்குவார்.

உன் கட்டிலில் இப்போது தையல் துணி மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறேன். எடுப்பது ஐந்து நிமிட வேலைதான். சும்மா சொன்னேன்.

அம்மா


டிசம்பர் 10

சபையின் தாய்மார் அனைவருக்கும்,

ஸ்தோத்திரம். ஆண்டவருடைய கிருபையாலும் உங்கள் எல்லோருடைய ஜெபத்தாலும் நலமாக இருக்கிறேன். நீங்கள் யாவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

முன்பு நான் எழுதிய ஒரு கடிதத்தால் உங்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டதாக அறிந்தேன். மன்னிக்கவும். அது ஒரு பலவீனமான வேளையில் எழுதியது. இப்போது மருந்தின் பெயரை ஒரு தடவை படித்தால் போதும். ஜெபிக்கவும் முடிகிறது. இந்த மாதம் பன்னிரண்டு பிள்ளைகள் சுகமாகி வீடு திரும்பினார்கள். என் தாயின் பொருத்தனையை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்று நீங்கள் சந்தேகமின்றி நம்பலாம்.

தங்கள் ஜெபங்களை நாடும்,
நர்ஸ்


ஜனவரி 10

சபையின் தாய்மார் அனைவருக்கும்,

ஸ்தோத்திரம். நலம், நலமறிய ஆவல். புதிய வருடத்திலும் ஊழியம் ஆசீர்வாதமாக நடக்கிறது. பதினைந்து பிள்ளைகள் சுகமாகி வீடு திரும்பினார்கள். குளிர் அதிகம், ஆனாலும் குறை ஒன்றும் இல்லை. எனக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று என் தாயிடம் சொல்லவும்.

தங்கள் ஜெபங்களை நாடும்,
நர்ஸ்


மார்ச் 2

என் கண்ணே,

அம்மா எழுதுகிறேன். என் சுகத்தைப் பற்றி இன்றைக்கு ஒன்றும் எழுதப் போவதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? கூட்டத்துக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல் சொல்.

பிப்ரவரியில் வந்த உன் கடிதத்தை நான் ஆலயத்துக்குக் கொண்டுபோகவில்லை. அடுப்புப் பக்கத்தில் நின்று நானே பிரித்தேன். வேறு யாரும் வாசிக்கும் முன் உன் எழுத்தை என் கண்ணால் நான் படித்தது அது ஒன்றுதான். அதில் நான் இல்லை. தாய்மார் என்று ஒரு கும்பல் இருந்தது, அதில் என்னையும் ஒருத்தியாக நிற்க வைத்திருந்தாய். நடுவில் நான் இரண்டு கடிதம் எழுதினேன். முழங்கால் வீங்கியது, ஊசி போட்டது எல்லாம் எழுதினேன். நீ ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

போன வாரம் குழாயடியில் ஒருத்தி என்னிடம் கேட்டாள், "உங்க மகளுக்கு இப்ப ஜெபம் வருதா?" என்று. சளி விட்டதா என்று கேட்கிற மாதிரி. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளும் உனக்காகத் தினமும் ஜெபிக்கிறவள். அவளுக்குப் பின்னால் நின்றவள் அவளிடம் "எந்தப் பொண்ணு?" என்றாள். "ஜெபம் வராத நர்ஸுன்னு சொன்னேனே, அந்தப் பொண்ணு" என்றாள் இவள். குடம் நிரம்பி வழிந்தது, நான் நின்றுகொண்டே இருந்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூடியைத் தேடி என்ன பிரயோசனம்? அந்த வாயில் உன்னைக் கொண்டுபோய்ப் போட்டவளே நான்தான். ஆண்டவருக்குக் கொடுத்தேன் என்று நினைத்தேன். ஒரு நாற்காலிக்குக் கொடுத்திருக்கிறேன்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பது பழமொழி. நம் வீட்டில் அது தலைகீழ். நீ ஒரே ஒரு எழுத்து கேட்டாய். உன் கடிதத்தை வாசித்த அன்றே என் மனசு அதைச் சொல்லிவிட்டது மகளே. ஒவ்வொரு நாளும் காஜா போடும்போது சொல்லும். தாளை எடுத்தால் பயம் வந்துவிடும். கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் அவர் உன்னை ஏதாவது செய்துவிடுவாரோ என்று பயம். உனக்கு முன்னால் போன இரண்டு பேரும் என் கண்முன் வந்து நிற்பார்கள். விசுவாசம் என்று நான் சொன்னதெல்லாம் இந்தப் பயம்தான்.

நேற்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் அறியாத பிள்ளை, நான்தான் பேரம் பேசினவள். கணக்குக் கேட்பதானால் என்னிடம் கேளும் என்றேன். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வா. விடுமுறைக்கு அல்ல, வந்துவிடு. கட்டிலைக் காலி செய்துவிட்டேன்.

அம்மா


மார்ச் 19

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். குழந்தைகள் வார்டின் பெரிய சிஸ்டர் எழுதுகிறேன். உங்கள் உடல்நலம் தேவலை என்று நம்புகிறேன். இதை உட்கார்ந்து படியுங்கள், பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

நீங்கள் மார்ச் மாதம் உங்கள் மகளுக்கு எழுதிய கடிதத்தை நான் பிரித்துப் படித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். அவள் இங்கே இல்லை. டிசம்பர் மூன்றாம் தேதி வேலையை விட்டுப் போய்விட்டாள். நவம்பர் கடைசியில் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுநாள் காலை என்னிடம் வந்து, வீட்டுக்கு வரச் சொல்லி அம்மா எழுதியிருக்கிறார்கள், போக வேண்டும் என்றாள். கடிதத்தைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. தாய் கூப்பிட்டால் கேள்வி கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. எங்கள் வேனில்தான் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டோம். அவள் உங்களோடு இருக்கிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அவளோடு அறையில் இருந்த நர்ஸ் உங்கள் கடிதத்தை நேற்று அழுதுகொண்டே என்னிடம் கொண்டுவந்தாள். உங்கள் மகள் போவதற்கு முன் ஐந்து கடிதங்களை எழுதி, தேதி போட்டு, ஒட்டி அவளிடம் கொடுத்திருக்கிறாள். மாதம் ஒன்றாகப் பத்தாம் தேதி தபாலில் சேர்க்க வேண்டும், அம்மாவுக்குக் கூட்டத்தில் தலைகுனிவு வரக் கூடாது என்று சொன்னாளாம். ஐந்து மாதத்துக்குள் ஓர் இடத்தில் நிலைத்துவிட்டு நானே எழுதிவிடுவேன் என்றும் சொன்னாளாம். எந்த இடம் என்று சொல்லவில்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்கள் போய்விட்டன. மார்ச் மாதத்துக் கடிதத்தைப் போட அந்தப் பெண்ணுக்கு மனம் வரவில்லை. மீதி இரண்டையும் பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் வந்த உங்கள் கடிதங்கள் இரண்டும் அவள் அறையில் அப்படியே இருக்கின்றன.

அந்தப் பையன் இறந்ததில் உங்கள் மகள்மேல் எந்தத் தவறும் இல்லை. அவளிடம் இதை நான் இன்னும் நன்றாகச் சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் அசைத்தேன்.

உங்கள் துயரத்தில் பங்கு கொள்ளும்,
பெரிய சிஸ்டர்


ஏப்ரல் 4

பெரிய சிஸ்டருக்கு,

வணக்கம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கடிதம் கிடைத்தது. உட்கார்ந்துதான் படித்தேன். நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

காவல் நிலையத்தில் அவள் படத்தைக் கொடுத்து எழுதி வைத்திருக்கிறோம். போதகர் தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் எழுதியிருக்கிறார். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு மேஸ்திரி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். மீதி இரண்டு கடிதங்களையும் வாசித்துப் பார்த்தால் ஏதாவது துப்புக் கிடைக்குமே என்று கூட்டத்தில் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. வீட்டில் நானே பிரித்துப் பார்த்தேன். துப்பு ஒன்றும் இல்லை. மார்ச்சில் பதினொரு பிள்ளைகளும் ஏப்ரலில் பதினாறு பிள்ளைகளும் சுகமாகி வீடு திரும்பினார்களாம்.

இப்போதும் ஜெபிக்கிறேன். வேறு என்ன செய்ய? அவள் எங்கே இருக்கிறாள் என்று உமக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அவளைப் பார்த்துக்கொள்ளும் என்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. முன்பு அவளை ஒப்புக்கொடுத்தபோது அவள் விலாசம் என் கையில் இருந்தது. அது பெரிய காரியம் இல்லை என்று இப்போது தெரிகிறது. சில நாள் அவர் கேட்கிறார் என்று நம்புகிறேன். சில நாள் தரையைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அம்மா வரச் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று உங்களிடம் வந்து சொன்னாளே, அப்போது அவள் முகம் எப்படி இருந்தது? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையும் மாற்றி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா


ஏப்ரல் 22

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் தேவலையா? இங்கே அவளைப் பற்றி வேறு தகவல் ஒன்றும் வரவில்லை. வந்தால் அன்றைக்கே எழுதுவேன்.

நீங்கள் கேட்டதற்கு: மாற்றி எழுதவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். என்னிடம் சொன்னது போதாமல் சமையல்கட்டில் சொன்னாள், சலவைக்காரியிடம் சொன்னாள், வேன் டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு வார்டுக்குப் போய், ஒவ்வொரு கட்டிலாக நின்று, பேச்சு வராத பிள்ளைகளிடம்கூட, "எங்கம்மா என்னை வரச் சொல்லிட்டாங்க" என்று சொன்னாள். நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

பெரிய சிஸ்டர்